ஹுட்சுல் மலையின் வழக்கும் புனைவும்

ஸ்லாவிய மக்களின் பழவழக்கங்களை அறிய முற்படுவோர்க்கு அரசவைக் குறிப்புகளும் திருச்சபை ஏடுகளும் ஓரளவுக்கே துணைசெய்யும். மலையில் ஆடுமாடு மேய்த்தவர்கள் எதற்கு அஞ்சினர், இழவு வீட்டில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பவற்றை அவ்வேடுகளை எழுதியோர் பொருட்படுத்தியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சென்று வழக்கங்களைப் பதிவுசெய்த இனவரைவியலாளர்களும், அப்பதிவுகளிலிருந்து கதை புனைந்த எழுத்தாளர்களும், அக்கதைகளைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுமே அந்த இடைவெளியை நிரப்பினர். ஆயினும் ஒரு வழக்கம் இவ்வாறு கைமாறும்போது எது நிலைத்தது, எது புதிதாக ஒட்டிக்கொண்டது என்று பிரித்தறிவது எளிதன்று. உக்ரைனின் கார்பாத்திய மலைப்பகுதியில் வாழும் ஹுட்சுல் மக்களைப் பற்றிய ‘மறக்கப்பட்ட மூதாதையரின் நிழல்கள்’ என்னும் குறுநாவலும் அதே பெயரிலான திரைப்படமும் இதற்குத் தக்க சான்றாகும்.

குறுநாவலை 1911இல் எழுதிய மிஹைலோ கொத்சூபின்ஸ்கி (1864–1913) மலைவாசி அல்லர். வின்னித்சியாவில் பிறந்து, செர்னிகிவ் நகரில் புள்ளிவிவர அலுவலராகப் பணியாற்றிய ரஷ்யப் பேரரசின் குடிமகன். ஹுட்சுல் நிலமோ அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் அடங்கியிருந்தது. இனவரைவியலாளர் வொலொதிமிர் ஹ்னாத்யூக்கின் தூண்டுதலால் 1910இல் எல்லை கடந்து, கரிய செரெமோஷ் ஆற்றங்கரையிலுள்ள கிரிவொரிவ்னியா என்னும் சிற்றூருக்கு வந்த அவர், அடுத்த இரு கோடைகளிலும் அங்கே திரும்பினார். நேரில் கண்டதும் கேட்டதும் போதாமல், வொலொதிமிர் ஷுஹெவிச் 1899 முதல் 1908 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட ‘ஹுட்சுல் நாடு’ என்னும் பெருநூலையும் அவர் ஊன்றிப் படித்தார்.

அந்தப் படிப்பின் பயனைக் குறுநாவலின் மேய்ச்சல் நிலப் பகுதியில் தெளிவாகக் காணலாம். பொலோனினா எனப்படும் உயர்மலைப் புல்வெளிக்குக் கோடையின் தொடக்கத்தில் மந்தைகளை ஓட்டிச் செல்லும் இடையர்கள், குடிலில் முதல் நெருப்பை மூட்டும்போது தீக்குச்சியைத் தொடுவதில்லை. மரத்தோடு மரத்தைக் கடைந்து, நம் பழநூல்கள் தீக்கடைகோல் என்று குறிக்கும் முறையை ஒத்த வகையில், ‘உயிருள்ள தீ’யை எழுப்புகின்றனர். வத்தாஹ் எனப்படும் தலைமை இடையர் மூட்டும் அத்தீ, மந்தை இறங்கும் நாள்வரை அணையலாகாது என்பதால், அதைக் காப்பதற்கென்றே ஓர் ஆள் அமர்த்தப்படுகிறார். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் இக்கிறித்தவர்கள் காட்டில் மாவ்கா என்னும் மோகினி உலவுவதாகவும் நம்பினர். முன்னால் அழகியாகத் தோன்றும் அவளுக்கு முதுகே இல்லை, பின்னிருந்து பார்த்தால் குடல் தெரியும் என்பது அவர்கள் கூற்று. கொத்சூபின்ஸ்கி இவற்றை மூடநம்பிக்கை என்று எள்ளாமல், கதைமாந்தர் காற்றையும் மழையையும் ஏற்பதுபோல் ஏற்கும் உண்மைகளாகவே எழுதியமை அவருடைய பெருஞ்சிறப்பு.

கதை சுருக்கமானது. பகைக் குடும்பங்களில் பிறந்த இவானும் மரீச்காவும் காதலிக்கின்றனர். அவள் ஆற்றில் மூழ்கி மாள்கிறாள். பின்னர் அவன் மணக்கும் பலாஹ்னா, மழையையும் மேகத்தையும் ஆள்வதாகக் கருதப்படும் மொல்ஃபார் என்னும் மந்திரவாதியை நாடுகிறாள்.

எழுத்தாளரின் பிறப்பு நூற்றாண்டையொட்டி, கீவ் நகரின் தொவ்ஷென்கோ படப்பிடிப்பு நிலையம் 1964இல் இக்கதையைப் படமாக்கியது. இயக்குநர் செர்கேய் பராஜனோவ் திபிலிசியில் பிறந்த ஆர்மேனியர்; ஆக, நூலைப் போலவே படமும் வெளியாள் ஒருவரின் ஆக்கமே. யூரி இல்யென்கோவின் ஒளிப்பதிவும் மிரோஸ்லாவ் ஸ்கோரிக்கின் இசையும் சேர, ஆவணம் போலவும் கனவு போலவும் ஒரே வேளையில் தோன்றும் படம் உருவாயிற்று. உள்ளூர் மக்களையும் நடிக்கவைத்து அவர்களுடைய ஆடைகளோடும், டிரெம்பிதா எனப்படும் நீண்ட மர ஊதுகொம்புகளோடும் எடுக்கப்பட்டமையால், திரையில் தெரிவதெல்லாம் அம்மலையின் தொன்மையே என்று பார்வையாளர் கொள்வது இயல்பு.

அங்கேதான் வழுக்கல் நேர்கிறது. இவான், பலாஹ்னா திருமணத்தில் மணமக்களின் கண்களைக் கட்டி, இருவர் கழுத்திலும் ஒரே நுகத்தடியைப் பூட்டும் காட்சி, காண்போர் மனத்தில் பழஞ்சடங்காகவே பதிகிறது. உண்மையில் பொருந்தா மணத்தைச் சுட்டும் பாட்டொன்றிலிருந்து பராஜனோவ் கற்பித்த சடங்கு அது. தம் மெய்யான சடங்குகளுக்குக் காட்டிய அதே சிரத்தையோடு ஊரார் அதையும் நிகழ்த்தினர் என்று அவரே பின்னாளில் எழுதினார். மாறாக, சவத்தைக் கூடத்தில் கிடத்திவிட்டு அதே கூடத்தில் இளையோர் விளையாடிச் சிரிக்கும் இறுதிக் காட்சி, இயக்குநரின் மிகைக் கற்பனையோ என்று ஐயுறத் தூண்டுகிறது. ஆனால் அதுவோ குறுநாவலிலும் உண்டு, ஹுட்சுல் இழவு வீட்டு விளையாட்டுகளாக இனவரைவியலாளர் பதிந்ததும் உண்டு. நம்பத்தகுந்ததாகத் தோன்றுவது புனைவாகவும், நம்பவியலாததாகத் தோன்றுவது வழக்கமாகவும் இருக்கும் இம்முரணால், படத்தை நூலின்றியும் நூலைக் களப்பதிவுகளின்றியும் சான்றாகக் கொள்வது தகாது.

அக்காலச் சோவியத் ஆட்சியாளரை உறுத்தியது சடங்கன்று, மொழி. ஹுட்சுல் வட்டார வழக்கில் அமைந்த உரையாடலை ரஷ்ய மொழிக்கு ஒலிமாற்றம் செய்யப் பராஜனோவ் உடன்படவில்லை. 1965 செப்டம்பர் 4 அன்று கீவின் ‘உக்ரைனா’ திரையரங்கில் படம் வெளியிடப்பட்டபோது, திறனாய்வாளர் இவான் ஜூபா மேடையேறி, உக்ரைனிய அறிவாளர்கள் சிலர் அண்மையில் கைதுசெய்யப்பட்டதை வெளிப்படுத்தினார். எதிர்ப்போர் எழுந்து நிற்கட்டும் என்ற குரலுக்கு அவையில் ஒரு பகுதியினர் எழுந்தனர். அதில் பங்கேற்ற கவிஞர் வசில் ஸ்தூஸ், இலக்கிய ஆய்வு நிறுவனத்தில் தாம் மேற்கொண்டிருந்த பட்டமேற்படிப்பிலிருந்து நீக்கப்பட்டார். பராஜனோவ் 1973 டிசம்பரில் கைதாகி நான்கு ஆண்டுகள் சிறையிலிருந்தார்.