கல்லமேட்டு பூதம்: எலும்பு எங்கே?

ரொம்ப நாளாச்சு எழுதி. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு உட்கார்ந்ததுக்குக் காரணம் என் பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட். அவங்கவங்க அப்பா அம்மா ஊர்ல இருந்த டைனோசர் பத்தி ஒரு பக்கம் எழுதணுமாம். "அப்பா, மாரிகுப்பத்துல எது இருந்துச்சு?"

ஒண்ணும் இல்லம்மா. கோலார் தங்கவயல் பாறைக்கு வயசு சுமார் 270 கோடி வருஷம். டைனோசர்கள் தலைகாட்டினதே ஏறக்குறைய 23 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான். சாம்பியன் ரீஃப்ல மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போயும் தங்கம்தான் வந்தது. எலும்பு வர வழியே இல்ல. "சரி, பக்கத்துல?" பக்கத்துலன்னா அரியலூர். அங்கே கிடைச்ச ஒண்ணு, உலகத்துல நடந்த மிருகங்கள்லயே பெரிசா இருக்கலாம்னு சொன்னதும் அவளுக்கு ஒரே குஷி. எழுதிக் கொடுத்துட்டா. டீச்சர் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த எலும்பு இப்போ எந்த மியூசியத்துல இருக்கு?

எந்த மியூசியத்துலயும் இல்லை மக்களே. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

அரியலூர் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் கடலோரம். சிமெண்ட் ஃபேக்டரிகள் தோண்டுற சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடலோட மிச்சம்தான். ப்ளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் 1860கள்லயே அந்தப் பாறைகளைப் பற்றி விரிவா எழுதி வெச்சுட்டார். கல்லமேடு கிராமத்துப் பக்கம் இருக்கிற அடுக்கு மட்டும் கடல் படிவு இல்லை. ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும். வயசு ஏழு கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது டைனோசர்களோட கடைசிக் காலம்.

இந்திய புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே எடுத்தது சில துண்டுகள்: இடுப்பு எலும்பு, தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கை எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு. மண்டை ஓடு கிடையாது, பல் கிடையாது. 1980களின் கடைசியில் ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டு வெச்ச பேர் ப்ருஹத்காயோசாரஸ் மாட்லேயி. ப்ருஹத் என்றால் பெரிய, காயம் என்றால் உடம்பு (காயகல்பத்துல வர்ற அதே காயம்), சாரஸ் என்றால் கிரேக்கத்தில் பல்லி. மாட்லேயி என்பது அந்தப் பக்கத்து டைனோசர்களைப் பற்றி 1920கள்லயே எழுதின சார்லஸ் மாட்லி நினைவா.

இங்கேதான் சுவாரசியம். அவங்க அதை மாமிசம் தின்கிற கூட்டத்தில் சேர்த்திருந்தாங்க. ஆனா அந்தக் கீழ்க்கால் எலும்போட நீளம் 2 மீட்டர்னு எழுதியிருக்கு. டி-ரெக்ஸோட அதே எலும்பு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம்தான் கூட. தாவரம் தின்கிற பூதமான அர்ஜென்டினோசாரஸுக்கே ஒன்றரை மீட்டர் சொச்சம். இவ்வளவு பெரிய காலை வெச்சுக்கிட்டு ஓடி வேட்டையாட முடியாதே! பின்னாடி வந்த ஆய்வாளர்கள் இது நீளக் கழுத்து, தூண் மாதிரி கால் உள்ள சாரோபாட், இலை தழை தின்கிற வகைதான்னு மாத்தினாங்க. கட்டுரையில் இருந்தது கோட்டுப் படமும் அளவுகளும்தான். அதனால வேற சில பேர், இது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமா இருக்கும்னு கூட சந்தேகப்பட்டாங்க. அதுவும் விளையாட்டுப் பேச்சு இல்லை. அதே வட்டாரத்துல சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்துக்கிடக்கு. போய்ப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

சந்தேகம் வந்தா என்ன பண்ணணும்? எலும்பை எடுத்துப் பார்க்கணும். புது இனம்னு பேர் வைக்கிறப்போ ஒரு குறிப்பிட்ட எலும்பைக் காட்டி, இதுதான் அந்தப் பேருக்கு மூல மாதிரின்னு சொல்லி, நம்பர் போட்டு ஒரு இடத்தில் வைக்கணும். மத்த டைனோசர்கள்ல இல்லாத எந்த அடையாளம் இதில் இருக்குன்னு எழுதணும். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, "நீ சொன்னது தப்பு"ன்னு சொல்றதுக்கும் அதே எலும்புதான் வேணும். பேர் நிக்கிறது கட்டுரையில் இல்லை, அலமாரியில்.

இது எனக்குப் புதுசா படலை. எங்கப்பா சுரங்கத்துல பாறை மாதிரி எடுக்கிற பிரிவில் இருந்தவர். எந்த ஷாஃப்ட், எத்தனை அடி, என்ன தேதின்னு சீட்டு எழுதாம ஒரு துண்டுக் கல்லை மேலே அனுப்ப மாட்டார். சீட்டு இல்லாத கல் ரோட்டுல கிடக்கிற ஜல்லிதான்னு சொல்வார். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினப்புறமும் அந்தப் பழக்கம் போகலை. ஊறுகாய் பாட்டில்ல கூட தேதி ஒட்டுவார்.

கல்லமேட்டு எலும்புகளுக்கு என்ன ஆச்சுன்னு 2017-ல் பீட்டர் கால்டனும் அதே அய்யாசாமியும் எழுதினாங்க: பொடிஞ்சு போச்சு. உப்பிச் சுருங்கும் களிமண்ணில் ஊறிக் கிடந்த எலும்பு அப்பளம் மாதிரி. பிசின் ஏத்தி, சாக்குத் துணி, ப்ளாஸ்டர் சுத்தி எடுத்தாலும் பிழைக்கும்னு உத்தரவாதம் கிடையாது. தோண்டினவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கே நல்ல போட்டோக்களை அச்சில் போட்டிருந்தா, கல்மரம்னு பேச்சே வந்திருக்காது.

அந்தப் போட்டோக்கள் இருந்திருக்கு! 2022-ல் பாலும் அய்யாசாமியும் பழைய களப் படங்களை வெளியிட்டாங்க. அதுல இருக்கறது எலும்புதான்னு நிறைய பேருக்கு நம்பிக்கை வந்தது. 2023-ல் கிரெகரி பாலும் லாராமெண்டியும் கணக்குப் போட்டு 110-லேர்ந்து 170 டன் வரை இருக்கலாம்னாங்க. பெரிய நீலத்திமிங்கிலத்துக்குச் சமம்! ஆனா ஒரு காலை வெச்சு மொத்த உடம்பையும் கணக்குப் போடுறது. 110-க்கும் 170-க்கும் நடுவுல இருக்கிற 60 டன்னே பத்து யானை. இனத்தோட பேரையே சந்தேகப் பட்டியல்ல வெச்சிருக்கிறவங்களும் உண்டு. நான் எலும்பு கட்சி. ஆனா 'உலகத்திலேயே பெரிசு'ன்னு நெஞ்சை நிமிர்த்த மாட்டேன்.

நம்மூர்ல எப்பவும் இப்படித்தான்னு புலம்பவும் வேண்டாம். ஜபல்பூரில் ஸ்லீமன் 1828-ல் எடுத்த வால் எலும்புகளுக்கு லிடெக்கர் 1877-ல் டைட்டனோசாரஸ் இண்டிகஸ்னு பேர் வெச்சார். அப்புறம் எலும்பு காணோம். 2012-ல் கொல்கத்தாவில் புவியியல் துறை சேகரிப்பிலேயே ஒண்ணு கிடைச்சுது. இங்கே டொராண்டோவில், ராயல் ஒன்டாரியோ மியூசியம் 1962-ல் வாங்கிப்போட்ட பரோசாரஸ் எலும்புகள் நாற்பத்தஞ்சு வருஷம் இழுப்பறைகள்ல மறந்து கிடந்து, 2007-ல்தான் டேவிட் எவன்ஸ் கண்ணுல பட்டுது. இன்னிக்கு பசங்க அண்ணாந்து பார்க்கிற 'கோர்டோ' அதுதான். அங்கேயும் மறந்தாங்க, இங்கேயும் மறந்தாங்க. ஆனா பொருள் இருந்தது.

அதே யாதகிரி 1988-ல் பேர் வெச்ச இன்னொரு தாவர உண்ணி கோட்டாசாரஸ். கோதாவரிப் பள்ளத்தாக்கில் யமன்பள்ளி கிராமத்தில் கிடைச்சது. பன்னிரண்டு மிருகங்களோட சுமார் 840 எலும்புகள், கூடவே ரெண்டு பல். அதுல சண்டை குறைவு. யார் வேணும்னாலும் போய் அளந்து பார்க்கலாமே. லீவுக்கு ஹைதராபாத் வழியா ஊருக்குப் போறவங்க பிர்லா சயின்ஸ் மியூசியத்தில் நிக்குற அந்த எலும்புக்கூட்டைப் பசங்களுக்குக் காட்டுங்க. ஒன்பது மீட்டர் நீளம்.