அடுப்பைத் தேடி வந்தவர்கள்: பெய்ஜிங் வாத்துக் கடைகளின் வரலாறு

வீட்டில் செய்ய முடியாத பண்டம் ஓர் ஊரின் அடையாள உணவாவது அரிது. பெய்ஜிங் வாத்து அப்படி ஆன ஒன்று. சீன வீட்டுச் சமையலறையில் வாணலிக்கு இடமுண்டு, ஆவியில் வேகவைக்கும் மூங்கில் தட்டுக்கு இடமுண்டு. முழு வாத்தைத் தொங்கவிட்டு வாட்டும் செங்கல் அடுப்புக்கு இடமில்லை. வாத்து தின்ன ஆசைப்பட்டவர் கடையை நாடித்தான் ஆகவேண்டும். பெய்ஜிங்கில் வெளியே போய் வாத்து உண்ணும் வழக்கத்தின் வரலாறு, பறவையின் வரலாறோ அரண்மனையின் வரலாறோ அன்று. அடுப்பின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அரண்மனைக் கதையை முதலில் பார்த்துவிடலாம். இவ்வுணவின் பழமைக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது 1330இல் ஹூ சூஹுய் எழுதிய ‘யின்ஷான் செங்யாவ்’ என்ற நூல். ஹூ, மங்கோலியரின் யுவான் அரசவையில் உணவு மருத்துவராக இருந்தவர். நூலில் வாட்டிய வாத்து இருப்பது உண்மைதான். ஆனால் செய்முறையைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு போலும். காட்டு வாத்தைச் சுத்தம் செய்து, வெங்காயத்தாள், கொத்தமல்லி, உப்பு ஆகியவற்றை வயிற்றுக்குள் வைத்து, ஆட்டு இரைப்பையால் முழுவதும் சுற்றி நெருப்பில் வாட்டச் சொல்கிறார். வளர்ப்பு வாத்துக்கும் இதே முறைதான் என்கிறார். ஆட்டு இரைப்பைக்குள் வெந்த வாத்தின் தோல் மொறுமொறுப்பாக இருக்க வழியில்லை. இன்றைய பெய்ஜிங் வாத்தின் உயிரே அந்தத் தோல்தான். ஆகவே இதைப் பாட்டன் என்று சொல்லலாமே ஒழிய, தந்தை என்று சொல்ல முடியாது.

1792இல் கவிஞர் யுவான் மெய் வெளியிட்ட ‘சுய்யுவான் ஷிதான்’ என்ற சமையல் நூலும் அடுப்பைப் பேசவில்லை. இளம் வாத்தைக் கம்பியில் குத்தி நெருப்பில் காட்டி வாட்டுவதைத்தான் அது சொல்கிறது. சொல்லும் வேறு. வாட்டுவதைக் குறிக்கப் பழைய நூல்கள் ‘ஷாவ்’ என்ற வினையைப் பயன்படுத்துகின்றன. இன்று எல்லாப் பலகைகளிலும் உள்ள ‘காவ்’ பிற்காலத்தது. ஓவியர் சீ பைஷி ஓர் இறைச்சி வாட்டும் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதித் தந்தபோது, பழைய எழுத்துவடிவங்களில் இந்த எழுத்தே இல்லை, இது தாமே வரைந்தது என்று ஓரத்தில் குறித்து வைத்தார். வாத்து பழசு, பெயர் புதுசு.

கடைகளில் மூத்தது பியன்யீஃபாங். தன் தொடக்க ஆண்டு 1416 என்று அது சொல்லிக்கொள்கிறது. மிங் பேரரசர் யொங்லெ தலைநகரை நான்ஜிங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு மாற்றியபோது வாத்து வாட்டும் கலையும் தெற்கிலிருந்து கூடவே வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. தலைநகர் முறைப்படி மாறியது 1421இல். கடை அதற்கு ஐந்து ஆண்டு முந்தியது என்றாகிறது. நகரக் கட்டுமானம் அப்போதே நடந்துகொண்டிருந்ததால் இது நடக்க முடியாததன்று; ஆனாலும் நிறுவனம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பிறந்தநாளை ஆய்வாளர் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். 1555இல் கொல்லப்பட்ட அமைச்சவை அதிகாரி யாங் ஜிஷெங், அவையில் மனம் நொந்து பசியோடு வந்து உண்டு மகிழ்ந்து பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தார் என்ற கதையும் அப்படியே. பெயரில்தான் எனக்குச் சுவை. ‘வசதி, பொருத்தம்’ என்று பொருள்படும் அந்த இரண்டு எழுத்துகளையே வேறு ஒலிப்பில் படித்தால் ‘மலிவு’ என்று வரும். தொடக்கத்தில் அது உட்கார்ந்து உண்ணும் இடமாக இருக்கவில்லை. கோழி, வாத்துகளை உரித்துச் சுத்தம் செய்தும் வாட்டியும் வீடுகளுக்கும் பெரிய உணவகங்களுக்கும் அனுப்பிய பட்டறை. இன்றைய மொழியில் சொன்னால், பார்சல் கடை.

அதன் அடுப்பு மூடிய அடுப்பு. சோளத்தட்டையை உள்ளே எரித்துச் செங்கற்சுவரைச் சூடேற்றுவார்கள். சுவர் வெளுத்ததும் தீயை அணைத்து, வாத்துகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிடுவார்கள். அதன்பின் திறப்பதில்லை, திருப்புவதில்லை. வாத்து தீயைக் காணாமலே சுவரின் சூட்டில் வேகும். சதை சாறோடு இருக்கும். சூட்டை முன்கூட்டியே கணக்கிட வேண்டும், நடுவில் திருத்த வாய்ப்பில்லை. ஆகவே சமையற்காரரின் திறமை முழுவதும் கதவு சாத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

மாற்றம் 1864இல் வருகிறது. சியான்மென் வாசலுக்கு வெளியே கோழியும் வாத்தும் விற்றுவந்த ஹெபெய் ஊர்க்காரர் யாங் சுவான்ரென், நொடித்துப்போன உலர்பழக் கடை ஒன்றை வாங்கினார். ‘தேஜூசுவான்’ என்ற அதன் பெயரைத் தலைகீழாகத் திருப்பி ‘சுவான்ஜூதே’ ஆக்கினார். பெயர்ப்பலகையில் ‘தே’ என்ற எழுத்தில் ஒரு கோடு குறைகிறது. எழுதியவர் குடித்திருந்தார் என்று கதை கட்டியிருக்கிறார்கள்; பழைய கையெழுத்துகளில் அந்தக் கோடு இல்லாமல் எழுதும் வழக்கம் உண்டு என்பதே பொருத்தமான விளக்கம்.

சூன் என்ற குடும்பப்பெயர் கொண்ட சமையற்காரரை யாங் அமர்த்தினார். அரண்மனைப் பாணி அடுப்பு வேலை தெரிந்தவர் அவர் என்று நிறுவன வரலாறு கூறும். அவரோடு வந்தது கதவில்லாத தொங்கல் அடுப்பு. இதில் தீ அணைவதே இல்லை. இலந்தை வகை, பேரி, பீச் போன்ற பழமர விறகுகள் வாய்ப்புறத்தில் எரிந்துகொண்டிருக்கும். புகை குறைவு, மணம் உண்டு. வாத்தின் இறக்கைக்கடியில் சிறு துளையிட்டுக் குடலை எடுத்து, தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றூதிப் பிரித்து, கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்கி, மால்ட் பாகு பூசிக் காயவிடுவார்கள். வாட்டும் முன் வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றி, பின்துளையைச் சோளத்தட்டைத் துண்டால் அடைப்பார்கள். வெளியே வாட்டல், உள்ளே அவியல்! சுமார் முக்கால் மணி நேரம், நீண்ட கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தீக்கு முன் திருப்பிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைத்தெருவில் நிற்பவர் இதையெல்லாம் காண முடியும். மூடிய அடுப்பு மறைத்துவைத்த வேலையைத் திறந்த அடுப்பு காட்சியாக்கிவிட்டது. இதற்கு நல்ல சான்று சியான்மென் கடையின் பழைய முகப்புச் சுவர். மூன்று பலகைகள் அதில் உண்டு. நடுவில் கடையின் பெயர். ஒருபுறம் ‘கோழி வாத்துக் கடை’. மறுபுறம் ‘பழைய அடுப்புக் கடை’. ‘உணவகம்’ என்ற சொல் எங்குமில்லை. 1901இல் இரண்டு மாடிக் கட்டடம் எழுந்து, வாணலிப் பொரியல்களும் பட்டியலில் சேர்ந்த பிறகே அது அமர்ந்து உண்ணும் இடமாக மாறியது. அதாவது மேசையும் நாற்காலியும் அடுப்பைத் தேடி வந்தன.

மேசை வந்ததும் காட்சி உள்ளே நகர்ந்தது. சமையற்காரர் முழு வாத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து உண்பவர் கண்முன்னே சீவுகிறார். 108 துண்டு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மார்புத் தோல் முதலில் வரும். அதைச் சர்க்கரையில் தொட்டு உண்பவர் உண்டு. பிறகு மெல்லிய கோதுமை ரொட்டியில் இனிப்பு மாவுக்குழம்பைத் தடவி, வெங்காயத்தாளும் வாத்துத் துண்டும் வைத்துச் சுருட்ட வேண்டும். வெங்காயத்தாளும் குழம்பும் ஷாண்டோங் சமையற்காரர்களின் கொடை; பெய்ஜிங் உணவகங்களில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. மிஞ்சிய எலும்பு சூப்பாகத் திரும்பி வரும்.

1952இல் சுவான்ஜூதே அரசு–தனியார் கூட்டு நிறுவனமானது. அதன்பின் வாத்து அரசு விருந்தாளிகளின் உணவு. பிரதமர் சூ என்லாய் இங்கே 27 முறை விருந்தளித்தார் என்பது நிறுவனத்தின் கணக்கு. 1971 ஜூலையில் அமெரிக்காவின் கிசிஞ்சர் இரகசியமாகப் பெய்ஜிங் வந்தபோது, பேச்சு சூடேறிய நேரத்தில், வாத்து ஆறிப்போகும் என்று சொல்லி சூ அவரைச் சாப்பிட அழைத்ததைக் கிசிஞ்சரே பதிவுசெய்திருக்கிறார். 1979இல் ஹெபிங்மென்னில் ஏழு மாடிக் கிளை திறந்தது. அன்று பெய்ஜிங்கில் வாழ்ந்த வெளிநாட்டார் கிளைகளுக்கு வைத்த செல்லப்பெயர்கள் வேடிக்கையானவை: மருத்துவமனைக்குப் பக்கத்திலிருந்த வாங்ஃபுஜிங் கிளைக்கு ‘நோய் வாத்து’ என்று பெயர்.

சுவான்ஜூதே 1993இல் குழுமமாகி, 2007இல் ஷென்சென் பங்குச்சந்தையில் நுழைந்தது. வாத்துக்கு எண்ணிட்டு அட்டை கொடுக்கும் பழக்கம் விளம்பரமாகி, எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது. கிளைகள் பெருகப் பெருகக் கழி பிடிக்கும் கைகள் போதவில்லை. கணினிக் கட்டுப்பாட்டு மின்னடுப்புகளை நிறுவனம் முயன்று பார்த்தது, உண்பவர்கள் முணுமுணுத்தார்கள். கணக்குப் பார்த்தால் நிர்வாகம் செய்தது சரி. ஆனால் அடுப்பைப் பார்க்க வந்த கூட்டத்திடம் பொத்தானைக் காட்டினால் என்ன ஆகும்? அதே காலத்தில் தொங் சென்சியாங் தமது தாதொங் கடையில் கொழுப்பு குறைந்த, தோல் நொறுங்கும் வாத்தைச் செய்து நகரின் வசதிபடைத்தவர்களை இழுத்துக்கொண்டார். அங்கே அடுப்பு கூடத்தின் நடுவிலேயே வாடிக்கையாளர் பார்வையில் இருந்தது. 2008இல் அரசு மூடிய அடுப்பு முறை, தொங்கல் அடுப்பு முறை இரண்டையும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது உணவின் பெயர் மட்டுமன்று, அடுப்பும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2012 இறுதியில் அதிகாரிகளின் ஆடம்பர விருந்துகளுக்குத் தடை வந்ததும் பெரிய கடைகளின் வருமானம் சரிந்தது. 2020 ஜூலையில், தன் 156ஆம் ஆண்டு விழாவில், சுவான்ஜூதே விலைகளைக் குறைத்துச் சேவைக் கட்டணத்தையும் நீக்கியது. சியான்மென் கடையின் விறகு அடுப்பில் மட்டும் கை வைக்கவில்லை.