நியுவின் மௌனம்: மலாயாவிலிருந்து ஹயாஷி ஃபுமிகோவை வாசித்தல்

ஹயாஷி ஃபுமிகோவை வறுமையின் எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். மலேசியத் தமிழருக்கு அந்த அறிமுகம் போதாது. 1942 அக்டோபரில் ஜப்பானிய இராணுவம் அவரையும் வேறு சில பெண் எழுத்தாளர்களையும் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பியது. சியோனான் என்று பெயர் மாறியிருந்த சிங்கப்பூர், ஜாவா, போர்னியோ எனச் சுற்றி, 1943 மே மாதம் நாடு திரும்பினார். ஏறத்தாழ அதே வேளையில்தான் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் போட்ட சயாம் இரயில் பாதைக்கு ஆள்பிடிப்பு மும்முரமானது. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் போனவர்கள் 70,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

ஊர் ஊராகச் சரக்கு விற்றவர்களின் மகள், சாப்பாட்டுக் கடையிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர், 1930-இல் நூலான 'ஹோரோகி'யில் தன் பசியை எழுதிப் புகழ்பெற்றவர். அவர் கண்ணில் இந்தக் கூலிகள் ஏன் படவில்லை? வர்க்க உணர்வு இல்லாததே காரணம் என்பது எளிய விடை. ஆனால், பாட்டாளி இலக்கிய முகாமிலிருந்து வந்த சத்தா இனெகோவும் அதே ஆண்டு இராணுவத்தின் ஏற்பாட்டில் இப்பக்கம் வந்தவர். போருக்குப் பின் அதற்காகக் கண்டனத்துக்கும் உள்ளானார். ஆகவே கொள்கையைவிட, இராணுவம் வகுத்த பயணத் திட்டமும் அது தந்த சோறும் தங்குமிடமுமே பார்வையை வரையறுத்தன என்பேன்.

போர்க்கால எழுத்தை வைத்து மட்டும் ஹயாஷியைத் தள்ளிவிட முடியாது. 1949 முதல் 1951 வரை தொடராக வந்த 'உகிகுமோ' நாவல் அதைத் தடுக்கிறது. பிரெஞ்சு இந்தோசீனாவின் தலாத் நகரில் வனத்துறை அதிகாரி டோமியோகாவும் தட்டச்சர் யுகிகோவும் காதலிக்கிறார்கள். தாயகம் பட்டினி கிடக்க, இவர்களுக்கு அங்கே குறையொன்றுமில்லை. போரில் ஜப்பான் தோற்ற பின் பாழடைந்த டோக்கியோவில் அந்த நினைவை விட முடியாமல் அலைகிறார்கள். இதை ஏக்கத்தின் நாவல் என்போர், வேலைக்காரி நியுவைக் கவனிப்பதில்லை. டோமியோகாவின் கருவைச் சுமந்த அவளுக்குப் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அவள் கதைக்குள் வருவதேயில்லை. அவன் நினைவில் மட்டும் எப்போதாவது தலைகாட்டுகிறாள். காதலர்களின் சொர்க்கம் யார் உழைப்பில் நின்றது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் நியுவுக்குப் பேச்சும் கொடுக்கவில்லை. நாவலின் நேர்மையும் தோல்வியும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. நருசே மிகியோவின் 1955 திரைப்படம் காதலர் இருவரையும் உலகப் புகழாக்கியது. நியுவைப் பற்றிய பேச்சு அதனால் பெருகிவிடவில்லை.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்களை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஹயாஷி பார்க்காத கூலி அங்கே பேசுகிறான், நோய்ப்படுகிறான், சாகிறான். எனினும் பேசுபவன் பெரும்பாலும் ஆண். பத்துமலைச் சுற்றுவட்டாரத்திலும் கிள்ளானிலும் லயங்களில் தங்கிவிட்ட மனைவியரை, மரவள்ளிக்கிழங்கைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, வராத கணவனுக்குத் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாழ்ந்தவர்களை, மையமாகக் கொண்ட பெரிய நாவல் நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. ஆக்கிரமித்தவரின் நாவலில் நியு பேசாததும், ஆக்கிரமிக்கப்பட்டவரின் நாவலில் லயத்துப் பெண் குறைவாகப் பேசுவதும் ஒரே குற்றமல்ல. முன்னதில் அதிகாரம் வாயடைத்தது, பின்னதில் சயாம் போனவனின் துயரம் மற்றவர் துயரை மூடிவிட்டது. ஜப்பானிய விமரிசகரிடம் நியுவைப் பற்றிக் கேட்கும் நாம், அதே கேள்வியை நம் நாவல்களிடமும் கேட்டாக வேண்டும்.