அயல்நாட்டாரை வெளியேற்றும் அதிகாரம்

டில்லியிலோ கல்கத்தாவிலோ குடியேறி வாழும் தமிழர் ஒருவரை, அவர் வேற்று மாநிலத்தவர் என்ற காரணத்துக்காக ஊர் திரும்பும்படி எந்த சர்க்காரும் பணிக்க இயலாது. நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்து குடிமக்களுக்கு வழங்கியிருக்கிறது. அயல்நாட்டாருக்கு அந்த ஷரத்து துணை நிற்பதில்லை. அவர் கையிலுள்ள விசா வெறும் அனுமதியே. தந்தவர் திரும்பப் பெறலாம்.

இவ்வதிகாரம் பழையது. அயல்நாட்டாரை வெளியேறப் பணிக்கும் சட்டம் 1864இலேயே இங்கு இயற்றப்பட்டது. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. குடியரசு மலர்ந்தபின் அவ்வதிகாரம் குன்றியதா என்ற வினா 1955இல் சுப்ரீம் கோர்ட்டின் முன் எழுந்தது.

மேற்கு ஜெர்மனியின் குடிமகனான ஹான்ஸ் முல்லர் 1954 செப்டம்பரில் கல்கத்தாவில் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டார். அவரை வெளியேற்ற ஏற்பாடு செய்வதே காவலின் நோக்கம் என்றது சர்க்கார். அவருடைய தாய்நாட்டுப் போலீசார் மோசடிக் குற்றச்சாட்டுகளுக்காக அவரைத் தேடிவந்தனர். ஆகவே வெளியேற்றல் என்ற பெயரால் தம்மைப் பிடித்து ஒப்படைக்கவே முயல்கின்றனர் என்று அவர் வாதாடினார். இரண்டையும் ‘நாடு கடத்தல்’ என்றே எழுதிவிடுவது நம் மொழிபெயர்ப்பாளரின் வழக்கம். அவ்வழக்குக் குழப்பம் விளைப்பது. வெளியேற்றல் ஓர் அரசுக்கும் அதன் எல்லைக்குள் வேண்டப்படாத மனிதருக்கும் இடைப்பட்ட செயல். ஒப்படைத்தலோ மற்றோர் அரசின் வேண்டுகோளால் நிகழ்வது. அதற்குத் தனிச் சட்டமும் விசாரணையும் உண்டு. நீதிபதி விவியன் போஸ் இவ்வேற்றுமையைத் தெளிவுபடுத்தி, வெளியேற்றும் அதிகாரம் கட்டற்றது என்று தீர்ப்பளித்தார். மனு தள்ளுபடியாயிற்று.

இத்தீர்ப்பின் கடுமை 1991இல் நன்கு புலப்பட்டது. 1937இல் இந்தியா வந்து சமயப் பணி புரிந்த பெல்ஜியப் பாதிரியார் லூயி தெ ரேட் என்பவரை ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் சர்க்கார் வெளியேறப் பணித்தது. நெடுங்காலம் வாழ்ந்தமையாலேயே தங்கும் உரிமை பிறவாது என்றது சுப்ரீம் கோர்ட். சட்டத்துக்கு இசைந்த முடிவுதான். மனத்துக்கு இசைந்ததென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எனினும் உயிருக்கும் உடலின் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது ஷரத்து அயல்நாட்டாருக்கும் உரியது என்பதை 1996இல், சக்மா அகதிகளின் வழக்கில், அதே கோர்ட் வற்புறுத்தியது.

1946ஆம் ஆண்டின் சட்டம் இன்று வழக்கில் இல்லை. அதனிடத்தில் குடிவரவு, அயல்நாட்டார் சட்டம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. வருகையையும் தங்குதலையும் மறுப்பதற்கு நாட்டின் பாதுகாப்பு ஒரு காரணமென அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்துக்கு அச்சொற்கள் தேவைப்படவில்லை. ‘இங்கே தங்கலாகாது’ என்னும் ஆணையே அதற்குப் போதுமானதாயிருந்தது.