வான்னாகிரை

வான்னாகிரை, 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ரான்சம்வேர். கோப்புகளைக் குறியாக்கம் செய்து பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பது இவ்வகைத் தீநிரல்களின் வேலை. சில நாள்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இதில் சிக்கின. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஆயிரக்கணக்கான மருத்துவ முன்பதிவுகள் ரத்தாயின.

யாராவது மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கட்டும் என்று இது காத்திருக்கவில்லை. விண்டோஸில் கோப்பு பகிரப் பயன்படும் எஸ்.எம்.பி. நெறிமுறையின் பழைய பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. ஓட்டைக்குள் நுழையும் 'எட்டர்னல்புளூ' கருவி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து கசிந்தது. 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற குழு அதை ஏப்ரலில் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் தந்திருந்தும் பலர் அதை நிறுவவில்லை.

ஒவ்வொரு கோப்பையும் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையின் தனித்தனிச் சாவி பூட்டும். அந்தச் சாவிகளை, அந்தக் கணினியிலேயே உருவாக்கிய, ஆர்.எஸ்.ஏ. என்ற இன்னொரு முறையின் பொதுச் சாவி பூட்டும். அது பூட்டியதைத் திறக்கும் இணை அந்தரங்கச் சாவியோ தாக்கியவர்களின் பொதுச் சாவிக்குள் அடைபடும். கணக்குப் போட்டு உடைக்க வழியில்லை. மீட்புத்தொகை 300 டாலர், பிட்காயினில். 3 நாள் தாண்டினால் 600. பணம் எல்லாருக்கும் பொதுவான 3 முகவரிகளுக்கே போனதால், கட்டியவர் யார் என்று பிரித்தறிவதே பாடு. கட்டியும் பயனில்லை என்றே சொல்லலாம்.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டன் ஆய்வாளர், நிரலுக்குள் இருந்த ஓர் இணைய முகவரியைப் பதிவுசெய்ததும் பரவல் தணிந்தது; அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் நிரல் நின்றுவிடும். ஆனால், ஏற்கெனவே பூட்டிய கோப்புகள் பூட்டியபடியே இருந்தன.

மீட்க முடிந்தவையெல்லாம் பூட்டை உடைத்து மீட்டவை அல்ல; தாக்கியவர்கள் துடைக்காமல் விட்ட மிச்சத்திலிருந்து மீட்டவை. ஆர்.எஸ்.ஏ. சாவியை உருவாக்கிய பகா எண்கள் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகளின் நினைவகத்தில் சில வேளை தங்கியிருந்தன. ஆய்வாளர் அட்ரியன் கினே இதைக் கண்டறிந்தார்; அதன் அடிப்படையில் இன்னோர் ஆய்வாளர் பெஞ்சமின் டெல்பி, சாவியை மீண்டும் உருவாக்கும் 'வானகிவி' கருவியை எழுதினார். ஆனால், கணினியை ஒருமுறை அணைத்தாலே அந்த எண்கள் போய்விடும். எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் இங்கே வினையானது.

மூலக் கோப்புகளைத் துடைப்பதிலும் வான்னாகிரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடக்கவில்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளில் மூலக் கோப்பின் மீதே வேறு தரவை எழுதி அழித்தது. மற்ற இடங்களில் வெறுமனே நீக்கியது. அவற்றில் சிலவற்றைச் சாதாரண மீட்பு மென்பொருளே எடுத்துத் தந்தது. விண்டோஸ் தானாக வைத்திருக்கும் 'நிழற்படிகள்' எனும் பழைய பிரதிகளையும் வான்னாகிரை அழிக்கப் பார்த்தது. கணினியில் செருகியே வைத்திருந்த காப்புப்பிரதி வட்டுகளும் பூட்டப்பட்டன. கழற்றி வைத்தவை தப்பின.