தனிமக் குடும்பங்கள்

வேதிப்பண்புகளில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் தனிமங்களின் கூட்டமே தனிமக் குடும்பம். தனிம வரிசை அட்டவணையில் மேலிருந்து கீழாக அமைந்த 18 தொகுதிகளில், பெரும்பாலும் ஒரு தொகுதி ஒரு குடும்பமாகும். கார உலோகங்கள் (தொகுதி 1), காரமண் உலோகங்கள் (2), ஹாலஜன்கள் (17), மந்த வாயுக்கள் (18) ஆகியவை நன்கறியப்பட்டவை. நடுவிலுள்ள இடைநிலைத் தனிமங்களில் பக்கவாட்டிலும் ஒற்றுமை உண்டு. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் காந்தத்தால் ஈர்க்கப்படுவது இதற்குச் சான்று.

குடும்ப ஒற்றுமையை மிகத் தெளிவாகக் காட்டுபவை கார உலோகங்கள். சோடியத்தைக் கத்தியால் நறுக்கலாம். நறுக்கிய முகம் வெள்ளிபோல் பளபளத்து, சற்று நேரத்தில் காற்றுப்பட்டு மங்கிவிடும். ஆகவே அதை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பாதுகாக்கிறார்கள். லித்தியம் நீரில் மிதந்தபடி அமைதியாகக் குமிழிவிடும். சோடியம் தன் வினையின் வெப்பத்திலேயே உருகி, உருண்டையாகி நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடும். பொட்டாசியத்தில் வெளிவரும் ஹைட்ரஜன் உடனே தீப்பற்றி இளம் ஊதாச் சுடர் விடும். சீசியமோ வெடித்துச் சிதறும். நான்கிலும் நடப்பது ஒரே வினைதான். வேகம் மட்டுமே கூடிக்கொண்டு போகிறது.

இவை ஒவ்வொன்றின் வெளிக்கூட்டிலும் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். கீழே செல்லச் செல்ல அது அணுக்கருவிலிருந்து விலகுவதால் எளிதில் கழன்றுவிடுகிறது. வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான் கொண்ட ஹாலஜன்கள் இன்னொன்றை வாங்கிக்கொள்ளத் துடிப்பவை. அவற்றில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது: உச்சியிலுள்ள ஃபுளூரினுக்கே வேகம் அதிகம். பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரினைச் செலுத்தினால் புரோமின் வெளியேறிக் கரைசல் செம்மஞ்சளாகும். குளோரைடு கரைசலிலிருந்து குளோரினை வெளியேற்றப் புரோமினால் முடியாது.

எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இக்குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன என்பதுதான் வேதியியல் வரலாற்றின் பெருவியப்பு. ஜெர்மானியரான டோபரைனர் 1829-இல், ஒத்த பண்புடைய மூன்று தனிமங்கள் கொண்ட மும்மைகளை வெளியிட்டார். லித்தியம் 7, பொட்டாசியம் 39. இவற்றின் சராசரியான 23 சோடியத்தின் அணு நிறை. 1869-இல் ரஷ்யாவின் மெண்டெலீவ், அப்போது தெரிந்திருந்த தனிமங்களை அணு நிறைப்படி அடுக்கியபோது, பண்புகள் பொருந்தாத இடங்களைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே வரவேண்டிய தனிமத்தின் அடர்த்தி 5.9 இருக்கும் என்று கணித்தார். 1875-இல் பிரான்சின் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தியை 4.7 என அறிவித்தார். அளவீடு தவறாக இருக்கலாம், மாதிரியைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்கவேண்டும் என்றார் மெண்டெலீவ். மறு அளவீட்டில் கிடைத்தது 5.9. தான் கண்ணாலும் பாராத ஒரு தனிமத்தை, அதைக் கையில் வைத்திருந்தவரைவிட அவர் சரியாக அறிந்திருந்தார்.

அணு நிறையைவிடக் குடும்பப் பண்புக்கே அவர் முதலிடம் தந்தார். டெல்லூரியம் அயோடினைவிட நிறை மிகுந்தது. ஆயினும் அயோடின் ஹாலஜன்களோடு சேரும்படி டெல்லூரியத்தை முன்னே வைத்தார். 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் அணு எண்ணே அடிப்படை என நிறுவியபோது, அந்த முடிவு சரியென்றாயிற்று.

மந்த வாயுக்கள் மெண்டெலீவின் முதல் அட்டவணையில் இல்லை. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை ஜான்சென் குண்டூரிலும், மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைமானியால் ஆராய்ந்தனர். அவ்வாண்டில் சூரிய ஒளியில் தென்பட்ட புதிய மஞ்சள் கோடே, மந்த வாயுக்களில் ஒன்றான ஹீலியத்தின் முதல் தடயம். பூமியில் அதை 1895-இல் ராம்சே பிரித்தெடுத்தார். ஆர்கான், நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றின் கண்டுபிடிப்பிலும் அவருக்குப் பங்குண்டு. இவற்றுக்காகவே ஒரு புதிய தொகுதி சேர்க்கப்பட்டது. எதனோடும் வினைபுரியாதவை எனக் கருதப்பட்ட இக்குடும்பத்தில், 1962-இல் பார்ட்லெட் செனானின் சேர்மம் ஒன்றை உருவாக்கினார்.

இரு தனிமங்களின் இடம் சற்றுச் சிக்கலானது. ஹீலியத்தின் எலக்ட்ரான்கள் இரண்டே; எண்ணிக்கையின்படி அது காரமண் உலோகங்களின் தலைமேல் அமரவேண்டும். கூடு நிறைந்திருப்பதால், நடத்தையை முன்னிட்டு 18-ஆம் தொகுதியில் வைக்கப்படுகிறது. ஒற்றை எலக்ட்ரானைக் கொண்ட ஹைட்ரஜன் முதல் தொகுதியின் உச்சியில் இடம்பெற்றாலும் கார உலோகமாகக் கருதப்படுவதில்லை. ஹாலஜன்களைப் போல ஓர் எலக்ட்ரானை ஏற்று ஹைட்ரைடு அயனியாகவும் அது மாறும்.