சோழியில் ஓடிய சிமுலேஷன்

போன வாரம் ராஜகிரி ஏறி இறங்கி, மூச்சு வாங்க கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்தபோது லெ ஜென்டில் ஞாபகம் வந்தார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியில் இருந்து அளக்கக் கிளம்பிய பிரெஞ்சு வானியலாளர். அவர் வருவதற்குள் ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது, ஏப்ரலில் நம்ம செஞ்சியும் போனது. கப்பல் திரும்பிவிட்டது. நடுக்கடலில், ஆடும் தளத்தில் என்னத்தை அளப்பது? எட்டு வருடம் கழித்து, 1769-ல் மறுபடி புதுச்சேரியில் காத்திருந்தார். அன்றைக்கு மேகம்.

அந்தக் காத்திருப்பில்தான், தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்குக்கு 41 வினாடி பிழை. ஐரோப்பாவின் மாயர் அட்டவணைக்கு 68 வினாடி.

இதோடு நிறுத்திவிட்டால் நல்ல வாட்ஸ்அப் ஃபார்வேர்டு. ஆனால் ஒரே ஒரு ரன் சரியாக வந்ததை வைத்து எந்த சிமுலேஷனையும் நம்பக்கூடாது.

1825-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 'காலசங்கலித' என்ற நூலில் இன்னொரு ரன்னைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, அந்த வருடம் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடு இல்லை, தாள் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை, நடுவில் 23, முடிவில் 52.

அட்டவணை முழுக்க அவர் தலைக்குள், சொற்களாக இருந்தது. கடபயாதி முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். 'தேவரம்' (தேவாரம் இல்லை!) என்றால் தே 8, வ 4, ர 2, திருப்பிப் படித்தால் 248. நிலவு நமக்கு மிக அருகே வந்து மறுபடி அதே நிலைக்கு வர சுமார் 27.55 நாள். அது ஒன்பது முறை நடந்தால் 248 நாள். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம். சோழிதான் ரெஜிஸ்டர், வாக்கியம்தான் மெமரி. எந்தத் திண்ணையிலும் ஓடும்.

ஆபீஸில் 'கோக்கோஸ்' வைத்து ஒரே கோடை சிபியூவிலும் ஜிபியூவிலும் ஓட்டும் எனக்கு இது ரொம்பப் பரிச்சயமான ஏற்பாடு. மெஷினைப் பற்றிக் கவலைப்படாமல் கணக்கை மட்டும் எழுது என்பதுதானே அதுவும்.

வாரன் அந்த மனிதரைத் தேர்ந்தெடுத்த காரணம்தான் என்னை உறுத்துகிறது. அவருக்கு நல்ல ஞாபகசக்தி, ஆனால் வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது. அதற்காகவேதான் தேர்ந்தெடுத்தாராம். முதலில் படித்தபோது கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன்: நான் தினமும் ஓட்டும் சால்வருக்குள் என்ன நடக்கிறதென்று எனக்கு மட்டும் முழுக்கத் தெரியுமா? அந்த 52 நிமிடம் சோழியின் தப்பு இல்லை, அடுக்கிய கையின் தப்பும் இல்லை. என் கணிப்பில், தலைமுறை தலைமுறையாகக் கோடு பத்திரமாகக் கைமாறியது; வானத்தோடு ஒப்பிட்டு மாறிலிகளைத் திருத்தத்தான் ஆளில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் வாக்கியப் பஞ்சாங்கம். மாமனார் வீட்டில் திருக்கணிதம். போன மாதம் ஏகாதசி ரெண்டு வீட்டிலும் வேற வேற நாள்.